அந்தப் பந்தை அப்பா அடிக்கவில்லை

தம்பி,

உன்னுடைய வீடியோவை இன்று காலை இன்னொரு தடவை போட்டேன். முழுவதும் பார்க்க முடியவில்லை. அப்பா மட்டையைத் தூக்குகிற இடத்தில் நிறுத்திவிட்டேன். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கிணற்றடிக்குப் போய் முகம் கழுவினேன். பெற்ற பிள்ளை மேல் ஒரு தாய்க்குக் கோபம் வரலாம், கவலை வரலாம், வெட்கம்கூட வரலாம். அருவருப்பு வரும் என்று நான் நினைத்திருக்கவில்லை. வந்துவிட்டது. அதைச் சீனி தடவி எழுத எனக்குத் தெரியாது.

உனக்கு மட்டும் தனியாக எழுதியிருக்கலாம். போனில் கதைத்தும் பார்த்தேன், நீ சிரித்தாய். நீ இதை ஊர் உலகமெல்லாம் பார்க்கிற இடத்தில் செய்தாய். நானும் அந்த இடத்திலேயே சொல்கிறேன். பக்கத்து வீட்டுத் தர்சிகா இதைத் தட்டச்சு செய்து உன் வீடியோவுக்குக் கீழே போட்டுத் தருவாள். நீ அழிக்கலாம். அழித்தால் திரும்பவும் போடுவோம். உன்னைப் பார்க்கிறவர்களுக்கு எங்களைத் தெரியாது என்பதால் உனக்குத் தெரிந்த விஷயங்களையும் சேர்த்தே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்.

"அம்மாவுக்கு கோல்ஃப் விளங்காது" என்று நீ சொன்னாய். உண்மைதான். மானிப்பாயில் பிறந்து வளர்ந்த எவருக்கும் அது விளங்க வேண்டிய தேவை வந்ததில்லை. ஆனால் நான் பெண்பிள்ளைகளுக்கு விளையாட்டுப் படிப்பித்து ஓய்வு பெற்றவள். எல்லே விளையாட்டில் பந்தை அடிக்கிற பொல்லுகளைப் பிள்ளைகளின் கையில் கொடுத்து, வீசவிட்டு, வாங்கி, வேறொன்று கொடுத்து, அதையும் வீசவிட்டுப் பார்த்ததே என் உத்தியோகத்தின் பெரும்பகுதி. உயர்ந்த பிள்ளை பாரமான மூங்கிலைத்தான் கேட்பாள். அவளுடைய மணிக்கட்டு அதைத் தாங்காது. சின்னவள் ஒருத்தி எல்லாரும் ஒதுக்கின நீளப் பொல்லை எடுத்து மைதானத்துக்கு வெளியே அடிப்பாள். ஒரு பொல்லு எல்லாருக்கும் சரி என்று சொல்கிறவர் ஒருவரையும் கவனித்துப் பார்க்காதவர். உனக்கும் இது தெரியாதது இல்லை. உன் பெரியப்பா மகன் விளையாடிவிட்டுப் போட்ட கிரிக்கெட் மட்டையைத் தூக்கிக்கொண்டு திரிந்து உன் கை வீங்கியதே, நினைவிருக்கிறதா? அப்பா அதன் பிடியை அரிந்து குறைத்து, சைக்கிள் டியூபைக் கீறிச் சுற்றிக் கட்டி, உன் கைக்கு அளவாக்கித் தந்தார். கட்டினதை அவிழ்த்து அவிழ்த்து, உன்னைப் பிடிக்கச் சொல்லிச் சொல்லி, முழுப் பின்னேரமும் அதிலேயே இருந்தார். அந்த மனிதரைத்தான் நீ விளம்பரப் பலகையாக்கினாய்.

ஆவணியில் நீ வந்தபோது எங்களுக்கு எவ்வளவு சந்தோசம் என்று சொல்லத் தேவையில்லை. ரொறன்ரோவில் உன் வேலை ஒரு பக்கம் இருக்க, கோல்ஃப் சாமான்களைப் பரீட்சித்து நல்லது கெட்டது சொல்கிற வீடியோக்களும் நீ போடுகிறாய், கம்பனிகள் உனக்கு மட்டைகளை அனுப்புகின்றன என்று தெரியும். இந்த முறை ஒரு நீளப் பையில் அப்படியொரு மட்டையைக் கொண்டுவந்திருந்தாய். ஹைபிரிட் என்றாய். தூரத்துக்கு அடிக்கிற நீள இரும்பு மட்டைகளின் தலை தகடு மாதிரி மெல்லியது, சரியாகப் படாவிட்டால் பந்து எழும்பாது; இன்னொரு பக்கம் உருண்டைத் தலையுள்ள பெரிய மட்டைகள், அவை கட்டுக்குள் நிற்காது; இரண்டையும் கலந்து நடுவில் செய்ததுதான் இது என்று எனக்கு விளங்கப்படுத்தினாய். நல்லாக விளங்கப்படுத்தினாய். நீயும் ஒரு நல்ல ஆசிரியனாக வந்திருக்கலாம் என்று அப்போது நினைத்தேன்.

எங்கள் வீட்டுக்குப் பின்னாலுள்ள வயல் அறுவடை முடிந்து காய்ந்து கிடந்தது. அதில் பச்சைப் பாயை விரித்துக் கமெராவை நிறுத்தினாய். அப்பாவுக்குக் கதிரை போட்டாய். தர்சிகாவையும் கூப்பிட்டாய். அவள் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டே கிரிக்கெட் ஆடுகிறவள், இரும்பு மாதிரிக் கை. முதலில் நான் அடித்தேன். முதல் அடிகளெல்லாம் நிலத்தோடு உருண்டன. பிறகு ஒன்று எழும்பியது. பொய் சொல்ல மாட்டேன், எனக்கு உள்ளுக்குள் துள்ளியது. மட்டையின் அடிப்பாகம் அகலம், பாரம் தலையின் கீழ்ப்பக்கமும் பின்பக்கமும் கிடக்கிறது. ஆகவே நடுவில் படாவிட்டாலும் பந்தைக் கொஞ்சம் தூக்கிவிடுகிறது. ஆனால் அதன் தண்டு என் வேகத்துக்கு விறைப்பு. என்னைப் போல மெதுவாக வீசுகிறவர்களுக்கு இதைவிட இளகின தண்டும் இன்னும் சாய்ந்த முகமும் வேண்டும். தர்சிகாவுக்கு முழுவதும் வேறு கதை. அவள் அளவாக அடித்தபோது பந்து நூல் பிடித்த மாதிரிப் போனது. முழுப் பலத்தோடு அடித்தபோதெல்லாம் இடப்பக்கம் வளைந்தது. பாயை விட்டுக் காய்ந்த மண்ணில் வைத்து அடிக்கச் சொன்னேன். அந்த அகல அடி மண்ணில் துள்ளிப் பந்தின் மண்டையில் போய்த் தட்டியது. பாயில் வைத்து அடிக்கிறபோது மட்டை வழுக்கிக்கொண்டு போய்ப் பிழையை மறைக்கிறது, மண் மறைக்காது.

இதையெல்லாம் வயலில் வைத்து, கமெராவுக்கு முன்னாலேயே உனக்குச் சொன்னேன். நீ தலையாட்டித் தலையாட்டிக் கேட்டாய். "சூப்பர் அம்மா, இதுதான் வேணும்" என்றாய். வீடியோவில் என்ன வந்தது? "நல்ல மட்டைதான்" என்று நான் சொல்கிறேன், சிரிக்கிறேன், அதோடு சரி. வயலில் நான் சொன்ன அடுத்த சொல் "ஆனால்". என்னுடைய ஆனால் எங்கே போனது, தம்பி?

அதையும் நான் விழுங்கியிருப்பேன். அப்பாவின் கதையைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை.

உன்னைப் பார்க்கிறவர்களுக்குச் சொல்கிறேன்: இவனுடைய அப்பா ஊர்க் கழகத்தில் உதைபந்தாட்டம் ஆடியவர். இடப்பக்கத்தால் அவர் ஓடினால் பிடிக்க ஆளில்லை. பாரிசவாதம் வந்து வலக்கையும் வலக்காலும் விழுந்தன. பேச்சு கொஞ்சம் குழறும். நினைவும் சில நேரம் வழுக்கும். தினமும் காலையில் ஒரு ரப்பர் பந்தை வலக்கைக்குள் வைத்து நசிக்கப் பாடுபடுவார். அந்தக் கை இப்போதுதான் ஒரு கோப்பையைச் சாய்க்காமல் பிடிக்கத் தொடங்கியிருந்தது.

"அப்பா, சும்மா ஒருக்காப் பிடியுங்கோ. படத்துக்குத்தான்" என்றாய். அவரைக் கைத்தாங்கலாகக் கொண்டுபோய்ப் பாயில் நிறுத்தினாய். அவருடைய வலக்கை விரல்களை ஒவ்வொன்றாக மடித்து மட்டையில் வைத்தாய். அதைப் பார்த்து எனக்குக் கண் கலங்கியது. இன்றைக்கு அதையே நினைத்தால் உடம்பு கூசுகிறது. அவர் வீசினார். பந்து பாயின் கரைவரை உருண்டு, ஆட்டுப் புழுக்கைக்குப் பக்கத்தில் நின்றது. நாங்கள் எல்லாரும் கைதட்டினோம். அவரும் சிரித்தார். அவ்வளவுதான் அன்றைக்கு நடந்தது.

நீ போய்ச் சில கிழமைகளில் வீடியோவை அனுப்பினாய். நானும் அப்பாவும் விறாந்தையில் இருந்து பார்த்தோம். "எவரும் அடிக்கலாம்" என்று பெயர். அப்பா முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறார், மட்டை பின்னால் போகிறது, கீழே வருகிறது, அடுத்த கணம் ஒரு பந்து வயலைத் தாண்டி, கரண்ட் கம்பிக்கு மேலால் பறக்கிறது. நீ பின்னாலிருந்து கத்துகிறாய்: பாரிசவாதம் வந்தவர், வாழ்க்கையில் முதல் தடவை, நூற்றைம்பது யார்டுக்கும் மேலே! அந்தப் பந்து எனக்குத் தெரியும். கம்பியில் படப்போகிறது என்று எல்லாரும் ஐயோ என்று கத்திய பந்து. தர்சிகா அடித்த பந்து.

அப்பா போனைக் கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்தார். "இது நான் அடிச்சதோ?" என்று கேட்டார். நான் வாயைத் திறக்க முதலே, "இஞ்சை பாரும், எவ்வளவு உயரம்! எனக்கு அண்டைக்கு வடிவாத் தெரியேல்லை, கண்ணுக்குள்ளை வெயில்" என்றார். அவருடைய முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். கிடையில் விழுந்ததிலிருந்து அந்த முகத்தை நான் கண்டதில்லை. என் வாய் மூடிக்கொண்டது. அந்தப் பொய்ச் சோற்றில் நானும் ஒரு பிடி தின்றேன் என்பதை இந்த இடத்திலேயே சொல்லிவிடுகிறேன்.

அதன்பிறகு அவர் போனும் கையுமாகத்தான் திரிந்தார். மீன்காரனுக்குக் காட்டினார். ஞாயிறு ஆராதனை முடிந்து சேர்ச் வாசலில் நின்று, வருகிறவர்கள் எல்லாருக்கும் காட்டினார். போதகருக்குக் காட்டினார். "என்ரை மகன் எடுத்தது" என்று ஒவ்வொருவருக்கும் சொன்னார். ரப்பர் பந்தை நசிக்கிறதை விட்டுவிட்டார். "நூற்றைம்பது யார்ட் அடிக்கிற கைக்கு உது என்னத்துக்கு?" என்று அதை அலுமாரிக்கு மேல் தூக்கிப் போட்டார். கோப்பை திரும்பவும் சாயத் தொடங்கியது. தேத்தண்ணி மடியில் ஊற்றுப்பட்டால், "கோப்பை சரியில்லை" என்றார்.

நான் உனக்குப் போன் எடுத்தேன். நீ என்ன சொன்னாய் என்று உன்னைப் பார்க்கிறவர்களும் கேட்கட்டும். "அம்மா, அது எடிட்டிங். உலகத்திலை எல்லாரும் செய்யிறதுதான். என்ரை வீடியோக்களிலை அதுதான் நல்லா ஓடுது. அப்பாவும் சந்தோசமா இருக்கிறார்தானே, பேந்தென்ன?"

சீ! அந்தச் சந்தோசத்தை நீ கையில் தூக்கிக் காட்டியபோதுதான் எனக்கு அரியண்டமாய்ப் போனது. களவெடுத்தவன் களவெடுத்த வீட்டுக்கே அதில் ஒரு பங்கைக் கொடுத்து வாயை அடைக்கிற மாதிரி. கெட்ட மட்டையை நல்லதென்று சொல்வது ஒரு வகைப் பொய். நல்ல மட்டையை, அது ஆருக்கு நல்லது என்பதை மறைத்து விற்பது அதைவிட ஊத்தைப் பொய், ஏனென்றால் அதைப் பிடித்துக் கேட்க இடமில்லை. மட்டை நல்லதுதானே என்று நீ தப்பிவிடுவாய். விழுகிறவன் விழுவான்.

ஒருவர் விழுந்தார். போன மாதம் நீ இருக்கிற ரொறன்ரோவிலிருந்து ஒரு பெண் எனக்குப் போன் எடுத்தாள். சொந்த இடம் கொடிகாமம். ஆரோ உறவுக்காரரிடம் எங்கள் இலக்கத்தை வாங்கியிருக்கிறாள். அவளுடைய புருசனுக்கும் பாரிசவாதம். முன்பு கோல்ஃப் விளையாடினவராம். நோய் வந்தபிறகு கதவைத் திறந்து வெளியே வராத மனிதர், உன் வீடியோவைப் பார்த்துவிட்டு அந்த மட்டையைக் கேட்டிருக்கிறார். பிறந்தநாளுக்கு வாங்கிக் கொடுத்து, புல்வெளிக்குக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார்கள். வீசின வேகத்தில் மட்டை இழுக்க, ஆள் குப்புற விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. அவள் என்னை ஏசுவாள் என்று காத்திருந்தேன். ஏசவில்லை.

"அக்கா, குறை நினைக்காதேங்கோ. உங்கடை அவர் மட்டையை எப்பிடிப் பிடிச்சவர்? ஏலாத கையை மேலை வைச்சவரோ, கீழை வைச்சவரோ? நாங்கள் என்ன பிழை விட்டனாங்கள் எண்டு விளங்கேல்லை."

இந்தக் கேள்வியை இன்னொரு தடவை வாசி, தம்பி. வாய்விட்டு வாசி.

"நீங்கள் ஒரு பிழையும் விடேல்லை, தங்கச்சி" என்றேன். "அந்தப் பந்தை என்ரை மனிசன் அடிக்கேல்லை. அது வேறை ஒரு பிள்ளையின்ரை அடி. என்ரை மகன் வெட்டி ஒட்டினவன்."

"அப்ப உங்கடை அவருக்கு ஏலாதோ?"

"ஏலாது."

பிறகு சொன்னாள்: "இவர் கட்டில்லை கிடந்து அந்த வீடியோவைத்தான் திரும்பத் திரும்பப் பாக்கிறார், அக்கா. அந்த மனிசனுக்கு ஏலுமெண்டால் எனக்கேன் ஏலாது, என்னிலைதான் பிழை எண்டு சொல்லிச் சொல்லி அழுறார்."

போனை வைத்துவிட்டுத் திரும்பினேன். குசினி வாசலில் உன் அப்பா பொல்லை ஊன்றிக்கொண்டு நின்றார். எவ்வளவு நேரம் நின்றாரோ தெரியாது. அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை.

அடுத்த நாள் விடிந்ததும், "வயலுக்குப் போவம்" என்றார். நீ அவருக்கென்று விட்டுவிட்டுப் போன அந்த மட்டையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நடந்தார். நான் பந்தை நிலத்தில் வைத்தேன். அவருடைய வலக்கை விரல்களை நான் மடித்து வைத்தேன். விழுந்தால் பிடிக்கவென்று பின்னால் நின்றேன். வீசினார். மட்டை கையைவிட்டுக் கழன்று போய்ப் பொத்தென்று விழுந்தது. பந்து வைத்த இடத்திலேயே இருந்தது. திரும்பவும் கேட்டார், எடுத்துக் கொடுத்தேன். திரும்பவும் அதே மாதிரி. வரம்பில் குந்தினார். மூச்சு வாங்கியது.

"அண்டைக்கும் இப்பிடித்தானோ?"

"அண்டைக்குக் கொஞ்சம் உருண்டது."

"அப்ப அது ஆரின்ரை அடி?"

"தர்சிகாவின்ரை."

"நீர் அப்பவே சொல்லியிருக்கலாம்" என்றார். அவர் ஏசியிருந்தால் எனக்கு ஆறியிருக்கும். மெதுவாகத்தான் சொன்னார். ஓம், சொல்லியிருக்கலாம் என்றேன். அவர் எழும்பினார். வீட்டுப் பக்கம் திரும்புவார் என்று நினைத்தேன்; தர்சிகாவின் படலையைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார். அவள் முற்றத்தில் ஸ்கூட்டி கழுவிக்கொண்டு நின்றாள். உன் அப்பா அவளுக்கு முன்னால் போய் நின்று, குழறுகிற வாயால், ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்: "பிள்ளை, அது உன்ரை அடி. நான் அதை என்ரையெண்டு ஊரெல்லாம் காட்டிக்கொண்டு திரிஞ்சனான். நீ என்னை மன்னிக்க வேணும்."

அந்தப் பிள்ளையின் கையிலிருந்து குழாய் விழுந்து தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. "ஐயோ மாமா, எனக்கு முதலே தெரியும்" என்றாள். "நீங்கள் சிரிச்சுக்கொண்டு வந்து காட்டேக்கை எனக்குச் சொல்ல வாய் வரேல்லை." பிறகு அவள் அழுதாள். அவர் அழவில்லை. "நல்ல அடி. கம்பிக்கு மேலாலை போச்சு" என்று சொல்லி அவளுடைய தோளில் தட்டிவிட்டு வந்தார்.

அதோடு முடியும் என்று பார்த்தால் முடியவில்லை. வந்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை கலைந்ததும் அதே சேர்ச் வாசலில், அதே இடத்தில் நின்றார். முன்பு வீடியோவைக் காட்டினவர்களை ஒவ்வொருவராக மறித்தார். "அது என்ரை அடியில்லை. நான் அடிச்சது உருண்டது" என்றார். சிலருக்கு அவர் சொல்வது விளங்கவில்லை, திரும்பச் சொன்னார். "அதாலை என்ன அண்ணை, விடுங்கோ" என்றார் ஒருவர். "இல்லை, அது பொய்" என்றார். போதகரிடமும் சொன்னார். மகன் என்று உன் பெயரை இந்த முறை அவர் எடுக்கவேயில்லை. நான் குடையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன். எனக்கு நிலம் பிளந்தால் போதும் போலிருந்தது. செய்தவன் நீ, காட்டிக் கொடுக்காமல் இருந்தவள் நான். இழுத்து இழுத்து நடக்கிற அந்த மனிதர் இரண்டு பேருடைய ஊத்தையையும் தன் கையால் கழுவிக்கொண்டு நின்றார்.

இப்போது திரும்பவும் ரப்பர் பந்தை நசிக்கிறார். விட்ட இடத்திலிருந்து இல்லை, அதற்கும் கீழிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது. கை வீம்பு பிடித்துக்கொண்டு கிடக்கிறது.

உனக்கு நான் சொல்லக்கூடியது கொஞ்சம்தான். அந்த வீடியோவை அங்கிருந்து எடு. எடுத்துவிட்டுச் சும்மா இராமல், அந்த மட்டை ஆருக்குச் சரி, ஆருக்குச் சரியில்லை என்று நான் வயலில் சொன்னதையாவது முழுவதும் போடு, ஆனாலோடு சேர்த்து. அதற்கு முதல், அந்த இடுப்பு முறிந்த மனிதரின் வீட்டுக்குப் போ. உன் ஊரில்தான் இருக்கிறார். கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்து, "பிழை உங்களிலை இல்லை, என்னிலை" என்று அவருடைய காதில் படச் சொல்லு. கமெராவைக் கொண்டு போகாதே. நீ மன்னிப்புக் கேட்கிறதையும் நாலு பேர் பார்க்கிற படமாக்குவாய் என்ற பயம் எனக்கு இருக்கிறது. பெற்ற தாய்க்கு இப்படியொரு பயம் வரப் பண்ணினாயே என்பதுதான் என் மனத்தில் இன்னும் கசக்கிறது.

முந்தநாள் பின்னேரம் நீ அப்பாவுக்கு அழைப்பு எடுத்தாய். உன் படம் திரையில் வந்தது. போன் அவருடைய நல்ல கைக்குப் பக்கத்தில், மேசையில்தான் கிடந்தது. அவர் உன் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். மணி அடித்து ஓய்ந்தது. திரும்பவும் எடுத்தாய். திரும்பவும் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நீ எனக்கு எழுதினாய், அப்பாவுக்கு அந்தப் போன் பிடிபடேல்லைப் போல, லேசான போன் ஒன்று வாங்கி அனுப்பட்டுமா என்று.

வேண்டாம், தம்பி. எடுக்க அவருக்குத் தெரியும்.

அம்மா